லொறி ஏறாதவள்

"இந்தக் கெழவிய ஏத்தாதீங்க மாரிமுத்தண்ணே. பாதி வழியில மண்டையப் போட்டா யாரு தூக்குறது?"

புஷ்பம் சொன்னதும் மாரிமுத்து பல்லைக் காட்டிச் சிரித்தான். லொறிக்குள் இருந்த பெண்கள் வேறெங்கோ பார்த்தார்கள். கீழே புஷ்பமும் சிவகாமியும் நின்றார்கள். இன்னும் ஒருத்திக்குத்தான் இடம்.

தம்புள்ளைப் பக்கம் வெங்காயம் பிடுங்க, விடியற்காலையில் மாத்தளைச் சந்தியில் ஆள் பொறுக்குபவன் மாரிமுத்து. வயசு கேட்கமாட்டான். தலையைப் பார்ப்பான், பிறகு காலைப் பார்ப்பான். அந்தச் சந்தியில் கெழவி என்பது வயசுக்குச் சொல்கிற சொல் இல்லை. இனி உனக்கு வேலை இல்லை என்பதற்கு அங்கே அதுதான் பேர். ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் உரித்தாலும் போகாது.

சிவகாமியின் தலை பஞ்சாக வெளுத்திருந்தது. கிட்னி வருத்தத்தில் கால் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. புஷ்பத்தின் தலையோ காக்காய்க் கறுப்பு. காதுக்குப் பின்னால் மட்டும் சாயம் திட்டாக ஒட்டியிருந்தது. மாரிமுத்துவின் கண்ணில் அது படாதபடி சிவகாமி நகர்ந்து நின்றாள்.

"நான் புடுங்குவேன் அண்ணே. நேத்தும் அடுப்பு எரியல."

"குனிஞ்சா நிமிரமாட்டா! இவள ஏத்தினா எங்க எல்லாருக்குந்தான் கரைச்சல்" என்றாள் புஷ்பம்.

"எனக்கு நாப்பத்தி மூணுதான் அண்ணே ஆகுது."

"ஒன்கிட்ட ஐடென்டி கார்டு கேட்டேனா? மொதல்ல கால பாரு" என்றான் மாரிமுத்து. "போ கெழவி, வீட்டுல கெட. இனிமே இந்தப் பக்கம் வராத."

சிவகாமி கையிலிருந்த சாப்பாட்டுப் பையை இறுக்கிப் பிடித்தாள். அழுதால் இன்னும் கிழடாகத் தெரியும் என்று அழவில்லை.

புஷ்பம் டயரில் கால் வைத்து ஏறினாள். முழங்கால் மளுக்கென்றது. வலியைச் சிரிப்பாக்கிக்கொண்டு உள்ளே விழுந்தாள்.

மாரிமுத்து முன்சீட்டில் ஏறிக் கதவை அடித்தான். லொறி உறுமியது. இனி அவனுக்கு ஒன்றும் கேட்காது என்று தெரிந்ததும் புஷ்பம் பின்பலகைக்கு மேலே குனிந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"மருந்த குடிச்சிட்டுப் படு மகளே, அம்மா வந்து சமைக்கிறேன்."