தலைமேல் குத்திய தலை

"இது போலிங்க," என்று பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள் அவள். எதிரே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் தொங்கிப்போனது.

ஒரு ராஜா வெளியிட்ட பழைய வெள்ளிக் காசு அது. நாடு பிடிக்க வந்த இன்னொரு ராஜா, அதன்மேல் தன் தலையைச் சின்ன முத்திரையாகக் குத்தி, இனி இது என் காசு என்றுவிட்டான். அந்த முத்திரை அசலா என்று சொல்ல, ஊரில் அவளை விட்டால் ஆளில்லை.

அவளுக்கு ஆதாரம், அப்பா விட்டுப்போன ஒரே சொத்தான இதே மாதிரிக் காசு. மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். எது வந்தாலும் அதோடு ஒப்பிட்டுத்தான் தீர்ப்பு. போன மாதம் பெட்டியின் கண்ணாடி விரிசல் விட்டபோது, கணவர்தான் காசோடு பெட்டியைக் கடைக்கு எடுத்துப்போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

"எங்கப்பா காசுல ராஜா மூக்கைப் பாருங்க, எவ்வளவு கூரா இருக்கு. உங்க ராஜாவுக்கு மூக்கே சப்பை."

"பின்பக்கம் நீங்க பாக்கவே இல்லியேம்மா," என்றார் அவர், விடாமல்.

வேண்டாவெறுப்பாகத் திருப்பினாள். முத்திரைக்கு நேர் பின்னால் காசு தட்டையாகியிருந்தது. சுத்தியலால் ஓங்கிக் குத்தினால்தான் அப்படி நசுங்கும். உளியால் செதுக்கிய போலியில் நசுங்காது.

பெட்டியைத் திறந்து அப்பாவின் காசைத் திருப்பினாள். பின்பக்கம் நசுங்கவே இல்லை. தினமும் கண்ணெதிரே இருப்பதை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

"உங்களுது அசல்தாங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

அந்தக் கண்ணாடிக் கடைக்காரன் அப்பாவின் காசை மாற்றிவைத்துக் கைவரிசையைக் காட்டிவிட்டான். நம்பிக் கொடுத்த மனுஷனை ஏமாற்ற எப்படி மனசு வந்தது? விஷயம் தெரிந்தால் அவர் துடித்துப்போவாரே என்று, அப்பாவின் காசைவிடக் கணவரை நினைத்துத்தான் அதிகம் நொந்தாள்.

சாப்பிடப் போயிருந்த கணவர் பல்லைக் குத்திக்கொண்டே வந்தார். உள்ளே இருந்தவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் வாயெல்லாம் பல்லாக எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார், நீங்க எனக்கு வித்தது அசல்தானாம்."