குதிரைவண்டிக்காரன் முறைக்கிறான்

வளைவில் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் சீட்டின்மேல் ஏறி நிற்கிறாள் அவள். கீழே ஹேண்டிலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறான் கணவன். மலையூர்களின் பழைய படங்களைத் தேடி எடுத்து, அதே இடத்தில் நின்று இன்றைய படம் எடுப்பது அவள் வேலை. வண்டி ஓட்டுவது அவன் வேலை. அவளது இடது கையில் இந்தத் தெருவின் நூறு வருஷப் பழைய படம் காற்றில் படபடக்கிறது. அதில் மணிக்கூண்டுக்கு மேலே மலைமுகடு தெரிகிறது. தரையில் நின்றால் தெரியவில்லை. இடையில் சாலையை வெட்டித் தாழ்த்திவிட்டார்கள். "சுமாரா இருந்தா போதாதா? கை விட்டுப்போகுது" என்கிறான். "இந்தப் படத்தை எடுத்த ஆளு நின்ன உயரத்துலதான் நானும் நிப்பேன். ஆட்டாம பிடி." காலை வெயில் ஈரத் தகரக் கூரைகளில் வழுக்கி இறங்குகிறது. பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவருகிறது. நேற்றும் அதுதான் முந்திக்கொண்டு முகட்டை மறைத்துவிட்டது. எதிரே வந்த பஸ் முட்டுவதுபோல் வந்து நின்று, விடாமல் ஹாரன் அடிக்கிறது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்துகிறார்: "ஏம்மா, ரோடு என்ன உங்க வீட்டு வாசலா?" பதிலுக்குக் கத்த வாயெடுத்தவளின் கண் கையிலிருக்கும் படத்தில் விழுகிறது. பஸ் நிற்கும் அதே இடத்தில், கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடி, ஒரு குதிரைவண்டிக்காரன் கேமராவை எரித்துவிடுபவனைப்போல் முறைத்துக்கொண்டிருக்கிறான். சட்டென்று கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகிறாள். "அண்ணே, அப்படியே முறைங்க! தயவுசெஞ்சு சிரிச்சிடாதீங்க!"