பதினாலாம் நம்பர் டைபாய்டு

பதினாலாம் நம்பர் கட்டிலில் இருந்த டைபாய்டு நோயாளி எழுந்து உட்காரப் பார்த்தாள். மாணவி மைதிலி அவள் தோளை அழுத்திப் படுக்க வைத்தாள்.

"எந்திரிக்காதீங்க அக்கா. உங்களுக்குக் காய்ச்சல் நூத்தி மூணு."

"எனக்குக் காய்ச்சலே இல்லையே கண்ணு."

"சீட்டுல இருக்குதில்ல. பேரு மயிலாள், வயசு அம்பத்திரண்டு."

"எனக்கு நாப்பத்தாறுதான். நான் வந்து..."

"ஆறு வயசுக்கெல்லாம் சண்டை போடாதீங்கக்கா. பக்கத்துக் கட்டில்காரரு முறுக்கு மீசை வெச்சிருக்கறாரு, அவருக்கே கர்ப்பப்பைக் கட்டின்னு சீட்டு மாறிப்போய்க் கிடக்குது."

மைதிலிக்கு வந்த கோபத்தில் சலைன் குழாயை நோயாளியின் கையோடு சேர்த்து நச்சென்று பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். ஊசி ஏதும் ஏறவில்லை. பாட்டில் மட்டும் கம்பீரமாகத் தொங்கியது.

தாராபுரம் ரோட்டில் இருந்த அந்த நர்சிங் கல்லூரிக்கு அன்று இன்ஸ்பெக்‌ஷன். அதன் கரஸ்பாண்டென்ட் கிட்டுசாமி, முன்பு பனியன் கம்பெனி நடத்தியவர். பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வந்தால், பக்கத்துக் கம்பெனியின் தீயணைப்பு வாளிகளை ஒரு நாளைக்கு வாங்கி மாட்டிவிட்டு மறுநாள் திருப்பிக் கொடுப்பார். வாளிக்குச் செய்ததை இப்போது நோயாளிக்குச் செய்தார். அவருக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

ஆள் சேர்க்கும் காண்ட்ராக்டர் முருகவேலுக்கு ஒரே ஒரு போன். அவர் காலை எட்டு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் கையில் பையோடு நின்ற முப்பது பேரை வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து இறக்கினார். அந்த நேரத்தில் அந்தப் பனியன் ஊரில் பையோடு நிற்பவர்கள் கம்பெனி ஆட்கள்தானே. யார், என்ன என்று கேட்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. தலையை எண்ணுவார், அவ்வளவுதான்.

"நெசமான நோயாளி யாருமே வர மாட்டாங்களா கண்ணு?" என்று கேட்டாள் பதினாலு.

"போன வாரம் வரைக்கும் இங்க பனியன் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்துச்சு. அதுக்குக் காய்ச்சல் வந்திருந்தாப் பாத்திருப்போம்."

"அப்ப ஊசி போட்டுப் பழகுனது?"

"ஆரஞ்சுப் பழத்துக்கு. அதுவும் சீசன்ல மட்டும். ஆனா எங்க ரெக்கார்டு நோட்டை வாங்கிப் பாருங்க, நான் இருபது பிரசவம் பாத்திருக்கறேன்."

"பாத்தியா?"

"யூடியூப்புல."

பதினாலு சிரிக்கவில்லை. அது மைதிலியின் கோபத்தை இன்னும் கிளப்பியது.

"போன மாசம் எங்கய்யன் காட்டுல மயங்கி விழுந்துட்டாரு. நர்சுக்குப் படிக்கற புள்ளை இருக்குதில்லன்னு ஊரே விலகி எனக்கு வழி விட்டுச்சு. நாடி பாக்க எந்த இடத்துல விரலை வெக்கறதுன்னு தெரியாம நின்னேனுங்க. கடைசில சோடா தெளிச்சு எழுப்புனது மளிகைக் கடைக்காரரு."

பேசிக்கொண்டே ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை எடுத்துச் சுற்றினாள். அது முழங்கை மடிப்பின் மேலேயே உட்கார்ந்தது. பதினாலு மறுகையால் அதை அவிழ்த்து, இரண்டு விரல் மேலே ஏற்றி, குழாய் உள்பக்கம் வரும்படி திருப்பி வைத்தாள்.

"இப்படிக் கட்டோணும் கண்ணு."

மைதிலி பட்டையைக் கட்டிலில் விட்டெறிந்தாள். "பாத்தீங்களா? பனியன் தைக்கற உங்களுக்குத் தெரியுது. ரெண்டு வருசம் படிச்ச எனக்குத் தெரியல. ஒரு நெசமான வார்டு, பக்கத்துல நின்னு கையைப் புடிச்சுச் சொல்லிக்குடுக்க ஒரு சிஸ்டர். இதைத்தான கேட்டோம்? அடுத்த மாசம் பரீட்சை முடிஞ்சா, நான் ஏதோ ஒரு ஆஸ்பத்திரில நிப்பேன். எங்கையில யாராச்சும் சாவாங்க. அதுக்குச் சர்டிபிகேட்டு வேற குடுப்பாங்க."

"இதை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்றவங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லி? ஹால் டிக்கெட் கரஸ்பாண்டென்ட் பீரோவுல இருக்குதுங்க. வாயைத் தொறந்தவளுக்குப் பரீட்சை கிடையாதுன்னு நேத்தே சொல்லிட்டாரு. அந்த மேடமும் ஏசி ரூம்ல உக்காந்து முந்திரிப் பருப்புத் தின்னுட்டு, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாங்க. அதுக்கு எனக்கு ஆரஞ்சே தேவலை."

பதினாலு மேலே சொட்டாமல் தொங்கிய பாட்டிலைப் பார்த்தாள். பிறகு எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வார்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு கிட்டுசாமி வந்தார். காதில் செல்போன், நெற்றியில் வேர்வை.

"ரயில்வே ஸ்டேஷனுக்கு அனுப்புன காரு காலியாத் திரும்பி வந்திருக்குது. அவங்க ஆபீஸ்ல கேட்டா, மேடம் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்கன்னு சொல்றாங்க. ரோட்டுல ரெண்டு பேரை நிறுத்துங்க. பூச்செண்டு வாடறதுக்குள்ள அவங்க வந்து சேரோணும்."

போனை வைத்துவிட்டுக் கட்டில்களை ஒரு பார்வை பார்த்தவரின் கண் ஒரு கட்டிலில் நின்றது.

"ஏனம்மா பதினாலு, எதுக்கு உக்காந்திருக்கறீங்க? டைபாய்டுக்காரங்க இப்படித்தான் நிமுந்து உக்காருவாங்களா? படுங்க. இன்ஸ்பெக்‌ஷன் மேடம் எந்நேரமும் வந்துருவாங்க."

பதினாலு படுக்கவில்லை. கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை உரித்து, குழாயைக் கட்டில் கம்பியில் மாட்டினாள். மைதிலியிடம் கையை நீட்டி அவளுடைய ரெக்கார்டு நோட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு கிட்டுசாமியைப் பார்த்தாள்.

"நான் வந்து ரெண்டு மணி நேரமாச்சுங்க."