பெஞ்சு ஓரம்

"எழுந்திருக்க மாட்டேங்கிறாளே!"

கோயில் மொத்தமும் எழுந்து வரிசையில் நின்றது. தையல்காரம்மா மட்டும் பெஞ்சு ஓரத்தில் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

சாதாரணக் கிறிஸ்தவக் கோயில் இல்லை. எந்தக் காலத்திலோ பூசை வைத்த சாமியார் கையில் அப்பம் சதையாக மாறியதாம். பீடத்துக்கு மேலே கண்ணாடிப் பேழையில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கவும், அந்தப் பீடத்தில் சாமியார் கொடுக்கும் அப்பத்தை, நன்மையை, வாங்கவும்தான் ஒரு பஸ் ஆட்கள் இரண்டு நாள் யாத்திரை வந்திருந்தார்கள்.

தையல்காரம்மாவுக்கு அந்தப் பக்கம், சுவரை ஒட்டி, யாத்திரை கூட்டி வந்த சபைத் தலைவியின் மகள். வெளியே வர இந்த ஓரம் ஒன்றுதான் வழி. இவள் நகர்ந்தால்தானே அவள் வர முடியும்?

"காலையாவது ஒதுக்கேம்மா. அந்தப் பொண்ணு போகட்டும்" என்றார் பின்னாலிருந்த ரிட்டையர்டு வாத்தியார்.

"முட்டி பிடிச்சுக்கிச்சு சார். அசைக்க முடியல."

"பஸ்ல ஜன்னல் சீட்டுக்கு முதல் ஆளா ஏறினப்ப பிடிக்கலையாக்கும்!"

நாலு பேர் சிரித்தார்கள். கோயிலுக்குள்ளேயே.

சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கும் உபதேசியார் ஓடி வந்தார். "முடியாட்டி பரவாயில்லம்மா. சாமியாரை இங்கேயே வரச் சொல்றேன். ரெண்டு பேரும் உக்காந்தே வாங்கிக்குங்க."

"வேண்டாங்க!"

போட்ட சத்தத்தில் பாடுகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தேடி வருவதையே வேண்டாம் என்கிறாள். அதுவும் யார்? போன வருஷம் மகனைப் பறிகொடுத்தவள். அவன் பேருக்கு இந்தப் பீடத்தில் நன்மை வாங்குவதாக நேர்ந்திருக்கிறேன் என்று வழி நெடுகச் சொல்லி அழுதுகொண்டு வந்தவள்.

பூசை முடிந்தது. வாசலில் வளைத்துக்கொண்டார்கள்.

"சாமியார் காதுல சொல்ல முடியாத பாவம் ஏதாவது இருக்கும். அதோட நன்மை வாங்கக் கூடாதுல்ல?" என்றார் வாத்தியார்.

"தனியா இருக்கிறவ. யாரு கண்டா?" என்றாள் மருந்துக்கடைக்காரர் மனைவி. குரலைத் தாழ்த்தவும் இல்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைவி வந்தாள்.

"உனக்கு வேண்டாம்னா தொலை. என் பொண்ணு என்னடி பண்ணினா? எத்தனை நாள் ஆசை அவளுக்கு! இவ்வளவு தூரம் வந்து, உன்னால வெறும் வாயோட உக்காந்திருந்தா. இனிமே உன்னை எந்த யாத்திரைக்காவது கூட்டிட்டு வந்தேன்னா, என்னை ஏன்னு கேளு!"

தையல்காரம்மா குழாயடிப் பக்கம் நடந்தாள். மகள் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். மாட்டி முடியவே இல்லை.

"சரியான கேள்வி கேட்டாங்க தலைவியம்மா" என்று மெச்சிக்கொண்டே எல்லாரும் சாப்பிடப் போனார்கள்.

தையல்காரம்மா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தலைவி வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். குரல் மாறிவிட்டது.

"மனசுல வச்சுக்காதம்மா. நாலு பேர் நம்பணும்ல? முதல் புருஷன் உயிரோட இருக்கப்பவே என் பொண்ணு இன்னொருத்தனை ரெஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டா. கோயில்ல அது செல்லாது. நன்மை வாங்கினா பாவம், வாங்காட்டி ஊருக்கே தெரிஞ்சிடும். அப்புறம் நான் தலைவியா இருக்க முடியுமா?"

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஓரத்துல உக்காரு, நாளைக்கு அவளை ரூம்லயே விட்டுட்டு வரேன்னு சொன்னீங்களேம்மா."

"ரூம்ல இருக்க மாட்டேங்கிறா. நான் என்ன பண்ண? இன்னும் ஒரே ஒரு பூசைதான். அதே ஓரத்துல உக்காந்துக்க."

"நாளையோட எல்லாரும் கிளம்புறோமே. என் பையன் பேருக்கு..."

"உன் பையனுக்கு நான் வேண்டிக்கிறேன், போ."

தலைவி அவள் தோளில் தட்டிக்கொடுத்தாள்.

"நாளைக்குக் கொஞ்சம் மெதுவாத் திட்டறேன். போதுமா?"