வளையம் இல்லாத லென்ஸ்

"இந்த லென்ஸ் வளையத்தைத் திருப்பித் திருப்பியே என் ஆயுசு போயிடும் போல, நெட்டை. ஊரே வளையம் இல்லாததுக்கு மாறியாச்சு. உனக்கு மட்டும் என்ன பிடிவாதம்?"

"மாத்திட்டா போச்சு."

ஆறு மாதத்துக்கு முன், ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து கால் கடுத்த எரிச்சலில் அவள் கொட்டிய வார்த்தை. ஸ்டூடியோவை அவளோடு சேர்ந்து நடத்தும் அந்த ஆறடி மனிதன் அன்று சிரித்ததோடு சரி. மறந்திருப்பான் என்றுதான் நினைத்தாள்.

இன்று காலை மேசைமேல் புது லென்ஸ் பளபளத்தது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையம் அதன் கழுத்தில் இல்லை. மொழுமொழுவென்று இருந்தது.

"பழசை என்ன பண்ணப் போறே?"

"சாயங்காலம் ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போறார்."

அவள் பழைய லென்ஸைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அவசரப்படாதே. வளையம்னா இருட்டிலகூட விரலுக்குத் தெரியும்."

"கேமராவிலேயே சக்கரம் இருக்கே. கட்டைவிரலால உருட்டினா அதே வேலைதான்."

"அது ரிப்பேரானா?"

"வளையம் மட்டும் சாகாவரம் வாங்கிட்டு வந்துச்சா? கேட்டதும் நீ, வேணாங்கறதும் நீ. உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்."

ஆறு மாதத்துக்கு முன் அந்த வார்த்தையை அவள் விழுங்கித் தொலைத்திருக்கலாம்.

குடும்பப் படம் எடுக்க வந்தவர்கள் திரைக்கு முன்னால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் வழக்கம்போல் எழுந்தாள்.

"நீ உட்காரு. இனிமே கால் கடுக்க நிக்க வேணாம், கல்யாண வீடு கல்யாண வீடா அலைய வேணாம். ஆல்பத்தை மட்டும் பார்த்துக்க."

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை.

நாற்காலியிலிருந்து பார்த்தாள். அவன் சக்கரத்தை உருட்டினான், எடுத்தான், மறுபடி உருட்டினான். ஒரு தடவைகூட அவள் பக்கம் திரும்பவில்லை.

வந்தவர்கள் கிளம்பியதும், ஸ்டாண்டில் நின்ற கேமராவைத் தாண்டி அவனருகே போனாள். விபத்துக்குப் பிறகு அசையாமல் போன அவன் இடது கை பேண்ட் பைக்குள் கிடந்தது. அந்தக் கையின் வேலையை இத்தனை வருஷமும் அவன் தோளை உரசி நின்று, அவன் சொல்லச் சொல்ல வளையத்தைத் திருப்பிச் செய்துவந்தவள் அவள்தான்.

"நெட்டை, நான் உன் பக்கத்துலயே நின்னுக்கட்டுமா? வேலைக்காக இல்ல."