நாலாவது அண்ணன்

காலை ஏழரை மணிக்கு நாலாவது அண்ணனையும் அவள் வாசலோடு திருப்பி அனுப்பினாள்.

தொலைந்துபோன அண்ணனின் படம் பேப்பரில் வந்த நாளிலிருந்து இதே கூத்துதான். முதலில் வந்த அண்ணன் அவளைவிட இளையவனாக இருந்தான். அடுத்தவன் உள்ளே வந்ததும் வீட்டில் எத்தனை அறை என்று எண்ணினான். மூன்றாமவன் அழுதான், அழுது முடித்து, பத்திரம் யார் பேரில் என்று கேட்டான்.

இவன் எதுவும் கேட்கவில்லை. மெலிந்த ஆள். தோளில் ஒரு பை, இடது கன்னத்தில் தேநீர் சிந்தினாற்போல் ஒரு மச்சம்.

"அம்மா பேரு என்ன, சொல்லு?"

"தெரியாதும்மா. அம்மான்னுதான் கூப்பிட்டேன்."

"நல்லா சமாளிக்கிற." வண்ணப் படத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஆறு வயதுப் பையன். துடைத்து வைத்த தட்டு மாதிரி முகம். "இதுல எங்க இருக்கு உன் மச்சம்?"

"பிறந்ததுலேருந்து இருக்கும்மா."

"அப்ப நீ வேற யாருக்கோ பிறந்திருக்கே."

அவன் படத்தையே பார்த்தான். கன்னத்தைத் தொட்டுக்கொண்டான். "அப்ப நான் இல்ல போலிருக்கு" என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல. "பத்து மணி ரயில்ல போயிடறேன். அந்தம்மாவை ஒரே ஒரு தடவை பார்த்துட்டு..."

அவள் கதவைச் சாத்தினாள்.

"பேப்பர்ல முகவரியைப் போட்டா ஈ மொய்க்கத்தான் செய்யும்" என்றார் கணவர், சவரம் செய்துகொண்டே. "விட்டுத் தொலையேன்."

"அம்மா உயிர் எதுக்காக இழுத்துக்கிட்டு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் கண்ணாடிக்குத் திரும்பிக்கொண்டார். டாக்டர் கையை விரித்தாகிவிட்டது. பக்கவாதத்தில் பேச்சுப் போன அம்மாவிடம் மிச்சமிருந்தது வலது கை ஒன்றுதான். அந்தக் கையில் வண்ணப் படத்தின் ஒரு பிரதியைக் கொடுத்திருந்தாள். அம்மா கட்டைவிரலால் பையனின் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். தடவித் தடவி அந்த இடத்தில் நிறம் போய்த் தாள் வெளுத்துவிட்டது.

"கொஞ்சிக் கொஞ்சித் தீரலை பாருங்க" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வண்ணப் படத்தைப் போட்டுக் கொடுத்த ஸ்டூடியோ இன்னும் திறக்கவில்லை. ஷட்டருக்கு முன்னால் நின்றபோது தூரத்தில் பத்து மணி ரயில் கூவியது. தொலைந்தான், என்று நினைத்தாள்.

"வாங்கம்மா" என்றார் ஸ்டூடியோக்காரர், சாவியைத் தேடிக்கொண்டே. "அண்ணன் கிடைச்சாரா?"

"வர்ற அண்ணனெல்லாம் பொய் அண்ணனா இருக்கான். இன்னொரு பிரதி வேணும், பெருசா. வேற பேப்பருக்கும் குடுக்கணும். அம்மாவுக்கு நேரமில்லைங்க."

அவர் கணினியைத் திறந்தார். திரையில் பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில். பழையது அம்மாவின் பெட்டியடியில் நனைந்து கிடந்த கறுப்பு வெள்ளைப் படம். அம்மை போட்டாற்போல் உடம்பெல்லாம் கறை. அதில் ஒரு பையன் இருப்பதே உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ரயில் நிலையக் கூட்டத்தில் அம்மாவின் கையை நழுவவிட்ட அண்ணனை அவள் பார்த்ததே இல்லை. அப்போது அவள் அம்மாவின் வயிற்றில் இருந்தாள்.

"சட்டை என்ன கலர்னு கேட்டேன், தெரியாதுன்னுட்டீங்க. நானா நீலம் போட்டேன்."

"நீலம் நல்லாத்தான் இருக்கு. முகம்தான் முக்கியம். அதை வெச்சுத்தானே ஒவ்வொருத்தனையும் விரட்டறேன்."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பையனின் முகத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார்.

"கறையெல்லாம் பெரிய விஷயமில்லம்மா. தாள் மேல படிஞ்ச ஈரம். ஒரே நாள்ல எடுத்துட்டேன்." பளபளத்த இடது கன்னத்தின்மேல் விரலை வைத்தார். "இங்க இருந்த ஒண்ணுதான் என் உயிரை வாங்கிடுச்சு. அது தாள் மேல இல்லம்மா, படத்துக்குள்ளயே இருந்துச்சு!"