எழுதிப்போட்ட மழை

"எங்க வயித்துல அடிச்சுப்போட்டீங்களே, வாத்தியாருங்க!"

வெண்ணந்தூர் மாதா கோயில் பள்ளிக்கூடத்து வாசலில் நின்று கத்தினார் விவசாயி செங்கோடன்.

"நாலு மாசமா ஒரு பொட்டு மழை இல்லீங்க. பெய்யுதுன்னு நீங்க எழுதிப்போட்டீங்களாம். பஞ்சத்துக்குக் கஞ்சி ஊத்தற கஞ்சித்தொட்டி கெடையாதுன்னுட்டாரு கலெக்டர் தொரை!"

உபகாரசாமி வாத்தியார் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பட்டணத்துக் காலேஜின் வானிலைத் துறை அவரை நம்பித்தான் பள்ளித் தோட்டத்தில் மழைமானியை நட்டிருந்தது. சனிக்கிழமைதோறும் அதில் சேர்ந்த தண்ணீரை அளந்து காலேஜுக்குக் கார்டு போட வேண்டும்; அந்தக் கணக்குதான் கலெக்டருக்கும் போகும். கண்ணை நம்பாதே, கருவியை நம்பு என்பது அவர்கள் கட்டளை. தரை காய்ந்து கிடந்தாலும் மானியில் வாராவாரம் ஓர் அங்குலம் இருந்தது. எழுதினார்.

யாரோ தண்ணீர் ஊற்றித் தன்னை ஊருக்குத் துரோகியாக்குகிறார்கள். யார் அந்தப் படுபாவி?

வெள்ளிக்கிழமை விடியலில் வேலியோரம் பதுங்கினார். ஈரத்துண்டோடு ஒருவர் வந்து செம்புத் தண்ணீரை மானிக்குள் ஊற்றினார். வாத்தியார் பாய்ந்து கையைப் பிடித்தார்.

செங்கோடன்!

"அட பாவி மனுசா, நீங்களா?"

செங்கோடன் பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சத்தம் போடாதீங்க, சாமி குத்தமாயிரும். எங்க மாரியாத்தாதான் கண்ணத் தொறக்கல. நீங்க வேலி கட்டி, வாராவாரம் குனிஞ்சு கும்புடற இந்த மழைச்சாமியாச்சும் தொறக்குமின்னு, ஊர்க்காரங்க வெள்ளிக்கெழமைக்கு ஒரு ஊடுன்னு மொறை வெச்சுத் தண்ணி ஊத்தறமுங்க."

செங்கோடன் காலிச் செம்பைப் பார்த்தார்.

"இதும் எங்களைக் கைவிட்டுருச்சுங்களே!"